கொங்கு நாட்டில் மதுவிலக்கு: சேலம் சோதனையும் அடிமைப்பழக்கத்தின் அறிவியலும்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம் முழுவதும் சட்டத்தின் மூலம் மதுவிலக்கு வந்தது அதுவே முதல் முறை. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை உள்ளடக்கிய பெரும்பரப்பு. சுமார் 24 லட்சம் மக்கள் அங்கு வாழ்ந்தனர்.

கொங்கு நாட்டில் நடந்த இந்தச் சோதனை, தமிழகத்தின் மது அரசியலில் இன்றுவரை எழும் எல்லாக் கேள்விகளையும் எழுப்பிவிட்டது. வருமானத்தை இழந்து அரசு நடக்குமா, கடையை மூடினால் குடி நிற்குமா, மரமேறும் தொழிலாளிக்கு என்ன வழி என்ற கேள்விகள் அப்போதே பேசப்பட்டன. பேசப்படாத கேள்வி ஒன்றும் உண்டு. நெடுங்காலம் குடித்துப் பழகியவரின் மூளையும் உடலும் கடை மூடப்பட்ட மறுநாள் என்ன ஆகும்? அதற்கு விடை தரும் அறிவியல் அன்று உலகில் எங்குமே உருவாகியிருக்கவில்லை.

தொன்மைக் காலம்

கள் கொங்கு மண்ணுக்குப் புதியதன்று. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தன்னிடம் இருந்த கள்ளைப் புலவர்களோடு பகிர்ந்து உண்டதை அவன் இறந்தபின் ஔவையார் நினைந்து வருந்திய பாடல் புறநானூற்றில் உள்ளது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. மறுபுறம், திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. கள்ளை விருந்தாகவும் கேடாகவும் பார்க்கும் இரு பார்வைகளும் தமிழில் பழமையானவை.

பனை, தென்னை ஆகியவற்றின் பாளையைச் சீவினால் வடியும் சாறு இனிப்பானது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயப் பொருளான எத்தனாலாக மாற்றத் தொடங்கும். சில மணி நேரத்தில் அது கள்ளாகிவிடும். நன்கு புளித்த கள்ளில் எத்தனால் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். வடித்தெடுக்கும் சாராயத்தின் வீரியம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆப்காரி வருமானம்

ஆங்கிலேயர் ஆட்சியில் மது அரசின் வருமானத் துறையாக மாறியது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது உற்பத்தியையும் விற்பனையையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க விற்பனையைப் பெருக்க வேண்டியிருந்தது. ஏலத்தொகை உயர உயர அரசின் வருவாயும் உயர்ந்தது. 1930-களில் சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு ஆப்காரியிலிருந்தே வந்தது.

இதே காலத்தில் கொங்கு நாட்டின் பொருளாதாரமும் மாறிக்கொண்டிருந்தது. 1888-இல் கோவையில் முதல் நூற்பாலை தோன்றியது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. சேலத்திலும் ஈரோட்டிலும் கைத்தறி நெசவு பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பாக இருந்தது. விளைச்சலை எதிர்பார்த்து வாழ்ந்த உழவர்களோடு, கூலியைக் காசாக வாங்கும் தொழிலாளர் கூட்டமும் வளர்ந்தது. கையில் காசு வந்த இடத்தில் கடையும் இருந்தது.

ஈரோடு மறியல், 1921

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் மது எதிர்ப்பு முக்கிய இடம் பெற்றது. அப்போது காங்கிரசில் இருந்த ஈ. வெ. இராமசாமி, சேலம் தாதம்பட்டியில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கள்ளுக்கு விடப்பட்ட மரங்கள் இருக்கக்கூடாது என்பதே காரணம். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அவர் கைது செய்யப்பட்டபின் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தனர். பொது வாழ்வில் பெண்கள் வீதிக்கு வருவது அரிதாக இருந்த காலம் அது.

பிற்காலத்தில் பெரியார், சட்டத்தின் வலிமையால் மதுவிலக்கைத் திணிப்பதை ஏற்கவில்லை. கள்ளுக்கு எதிராகத் தம் மரங்களையே வெட்டியவர் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தது முரண்போலத் தோன்றலாம். குடியைக் கைவிடச் செய்வது வேறு, குடிப்பதைக் குற்றமாக்குவது வேறு என்ற வேறுபாடு கொங்கு நாட்டு அரசியலில் தொடக்கத்திலேயே இருந்ததை இது காட்டுகிறது.

புதுப்பாளையம் ஆசிரமம்

சேலம் நகராட்சித் தலைவராக இருந்த சி. இராஜகோபாலாச்சாரி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதற்கான நிலத்தை ஊர் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் வழங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்கும் ஆசிரமத்தின் முதன்மைப் பணியாக அமைந்தது. வறட்சி மிகுந்த அப்பகுதியில் சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் வரவு செலவை நேரில் கண்டவர்களுக்கு, கள்ளுக்கடைக்குப் போன பணம் எந்த வீட்டு அடுப்பிலிருந்து போனது என்பது தெரிந்திருந்தது.

1929-இல் ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வெளிவந்தது. மதுவிலக்குக்காகவே நடத்தப்பட்ட இதழ் அது. இராஜாஜி ஆசிரியராகவும் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியராகவும் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி கதைகளும் படங்களும் அதில் இடம்பெற்றன. இதழ் நீண்ட காலம் நடக்கவில்லை. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கிய ஆண்டிலேயே அது நின்றது.

சேலம் சோதனை, 1937

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். அதே ஆண்டில் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அது கள், சாராயம் போன்றவற்றோடு போதைப்பொருள்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்த நிதிநிலை இடம் தரவில்லை. எனவே முதலில் ஒரு மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இராஜாஜி பிறந்து, வழக்குரைஞராகப் பணியாற்றி, ஆசிரமம் நடத்திய சேலமே அந்த மாவட்டம்.

கடைகளை மூடுவதோடு அரசு நிற்கவில்லை. மாலை நேரத்தில் மக்கள் கூடுவதற்கு வேறு இடம் வேண்டும் என்பதால் விளையாட்டுகள், பஜனைகள், நாடகங்கள் ஊக்குவிக்கப்பட்டன. வேலை இழந்த மரமேறும் தொழிலாளர்கள் பதநீர் இறக்கவும், வெல்லம் காய்ச்சவும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வெல்ல உற்பத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. மது வருமானத்தின் இழப்பை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் விதித்த மாகாணம் சென்னையே. இன்று ஒவ்வொரு ரசீதிலும் இடம்பெறும் விற்பனை சார்ந்த வரியின் முன்னோடி ஒரு வகையில் சேலத்துக் கள்ளுக்கடை மூடலோடு தொடர்புடையது.

அன்றைய அரசு அறிக்கைகளும் பொருளியல் ஆய்வுகளும் தொழிலாளர் குடும்பங்களின் செலவு முறை மாறியதைக் குறிப்பிட்டன. உணவுக்கும் துணிக்கும் கூடுதலாகச் செலவிடப்பட்டது. கடன் சுமை குறைந்தது. பெண்களிடம் திட்டத்துக்கு மிகுந்த ஆதரவு இருந்தது. குறைகளும் இருந்தன. மலையடிவாரங்களில் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டது. மாவட்ட எல்லையே ஒரு சிக்கல். காவிரியின் ஒரு கரையில் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மறுகரையில் ஈரோடும் பவானியும் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தவை. பாலத்தின் இப்பக்கம் மதுவிலக்கு, அப்பக்கம் அந்தச் சட்டம் இல்லை.

1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939-இல் வடஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1946 முதல் மீண்டும் படிப்படியாக வந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கோவை உள்ளிட்ட கொங்குப் பகுதி முழுவதும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தது.

சேலம் காலத்தில் அறியப்படாத அறிவியல்

சேலத்தில் சட்டம் வந்தபோது குடி ஓர் ஒழுக்கக் குறைவாக அல்லது வறுமைக்கான காரணமாகவே பார்க்கப்பட்டது. உறுதியான மனம் இருந்தால் விட்டுவிடலாம் என்பதே பொதுக் கருத்து. அடிமைப்பழக்கம் மூளையில் எவ்வாறு உருவாகிறது என்பது அதன்பின் வந்த பல பத்தாண்டுகளில்தான் படிப்படியாகத் தெளிவாயிற்று.

1954-இல் கனடாவில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினர். ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் அந்த நெம்புகோலை மீண்டும் மீண்டும் அழுத்தின. பசியாறுதல், தாகம் தணிதல், இணை சேர்தல் போன்று உயிர் வாழத் தேவையான செயல்களை நினைவில் நிறுத்தி, அவற்றை மறுபடியும் செய்யத் தூண்டும் ஓர் அமைப்பு மூளையில் இருப்பது இதனால் வெளிப்பட்டது. இதை வெகுமதி அமைப்பு என்பர். டோப்பமின் என்ற வேதிப்பொருள் இதன் முக்கியத் தூதர்.

போதைப்பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் நுழைந்தாலும் முடிவில் இந்த அமைப்பையே தொடுகின்றன. எத்தனால் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது. மூளையை விழிப்பாக வைக்கும் குளுட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. அதோடு டோப்பமின் சுரப்பையும் தூண்டுகிறது. புகையிலையின் நிக்கோட்டின், அபினி வகைகள், கஞ்சா ஆகியவையும் தத்தம் ஏற்பிகள் வழியே டோப்பமினை உயர்த்துகின்றன. சோறு உண்டபோது மெல்ல எழும் அலை, போதையில் ஒரே வீச்சில் எழுகிறது. "இது முக்கியம், மறக்காதே" என்ற செய்தி மூளையில் ஆழமாகப் பதிகிறது.

குடித்தவரிடம் வெளியே தெரியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூளையில் ஓரிடம் உண்டு. முன்நெற்றிப் பகுதி மங்கும்போது நிதானமும் கூச்சமும் போகின்றன. சிறுமூளை பாதிக்கப்படும்போது நடை தள்ளாடுகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் வேலை செய்யாதபோது, முந்தைய இரவு நடந்தது காலையில் நினைவில் இருப்பதில்லை. அளவு மிகும்போது மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் ஒடுங்கி உயிருக்கே ஆபத்து நேரும்.

தொடர்ந்து குடிக்கும்போது மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள முயல்கிறது. நாள்தோறும் வெளியிலிருந்து அமைதிப்பொருள் வருவதால் தன் சொந்த அமைதி அமைப்பைத் தளர்த்துகிறது. விழிப்பு அமைப்பை முடுக்குகிறது. இதனால் முன்பு ஒரு குவளையில் கிடைத்த போதைக்கு இரண்டு தேவைப்படுகிறது. இது தாங்குதிறன். அடுத்த நிலையில் போதைக்காக அன்றி, நடுக்கமின்றி இயல்பாக இருப்பதற்கே குடிக்க வேண்டியதாகிறது. இது சார்ந்திருத்தல். பழகிய தெரு, சம்பள நாள், சில நண்பர்களின் முகம் ஆகியவையே வேட்கையைத் தூண்டும் அடையாளங்களாக மூளையில் பதிந்துவிடுகின்றன. பல ஆண்டுகள் விட்டவரும் ஒரு நாள் வழுக்கி விழுவது இதனால்தான்.

கடை மூடிய மறுநாள்

சார்ந்திருக்கும் நிலையில் உள்ள ஒருவருக்குத் திடீரென மது நின்றால், முடுக்கப்பட்ட விழிப்பு அமைப்பு தடையின்றிப் பாய்கிறது. முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்குக் கடும் குழப்பமும் இல்லாத உருவங்கள் தோன்றும் மனப்பிரமையும் காய்ச்சலும் ஏற்படும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்நிலை உயிரைப் பறிக்கக்கூடும்.

இவை மதுவின் நஞ்சால் வருகின்றனவா, மது நின்றதால் வருகின்றனவா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. 1955-இல் அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, நீண்ட நாள் தொடர்ந்து குடித்தவர்களுக்கு மது நிறுத்தப்பட்டதே வலிப்புக்கும் பிரமைக்கும் காரணம் என்று காட்டியது. மனிதர்களுக்கு வாரக்கணக்கில் மது கொடுத்து நடத்திய அந்த ஆய்வை இன்றைய மருத்துவ அறநெறி அனுமதிக்காது. ஆயினும் அதன் முடிவு நிலைத்தது. சேலத்தில் கடைகள் மூடப்பட்டு 18 ஆண்டுகள் கழிந்தபின்பே மருத்துவம் இதை அறிந்தது. சேலத்தின் திட்டம் குடும்பத்தின் அடுப்பையும் மரமேறியின் வேலையையும் எண்ணிப் பார்த்தது. குடிநோயாளியின் படுக்கையை எண்ணிப் பார்க்க அன்றைய அறிவு போதவில்லை.

உடல் செலுத்தும் விலை

எத்தனாலின் பெரும்பகுதியைச் சிதைப்பது கல்லீரல். அது முதலில் எத்தனாலை அசிட்டால்டிகைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதன்பிறகே அது தீங்கு குறைந்த அசிட்டேட் ஆகிறது. இந்தச் சுமை தொடரும்போது கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. பின்னர் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. இறுதியில் கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. வயிறு வீங்குதல், மஞ்சள் காமாலை, இரத்த வாந்தி ஆகியவை அந்நிலையின் அடையாளங்கள். கணைய அழற்சி, இரத்த அழுத்தம், இதயத் தசைத் தளர்ச்சி, வாய், உணவுக்குழாய், கல்லீரல் போன்றவற்றில் புற்றுநோய் ஆகியவையும் மதுவோடு தொடர்புடையவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது.

உணவைத் தவிர்த்துக் குடிப்பவர்களுக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைகிறது. இதனால் கண் அசைவுக் கோளாறும் நடைத் தள்ளாட்டமும் குழப்பமும் தோன்றுகின்றன. கவனிக்காவிட்டால் புதிய நினைவுகளைப் பதிக்கும் திறனே நிலையாக அழிந்துபோகலாம். குடியை நிறுத்த வருபவர்களுக்கு மருத்துவர்கள் தயமின் செலுத்துவது இதனால்தான்.

தளர்வும் தடையும்

1971 ஆகஸ்டில் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. அதைக் கைவிடும்படி கேட்டுக்கொள்ள 92 வயதான இராஜாஜி முதல்வரின் இல்லத்துக்கே சென்றார். பலனில்லை. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் 1973-74-இல் மீண்டும் மூடப்பட்டன. 1981-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. இடையில் 1990-91-இல் மலிவு விலை மது வந்து போனது. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனையை நடத்திவந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2003-04-இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆங்கிலேயர் காலத்து ஆப்காரியைக் கண்டித்துத் தொடங்கிய பயணம், அரசே கடை நடத்தும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இதற்குள் மக்கள் குடிக்கும் பொருளும் மாறிவிட்டது. ஒரு லிட்டர் கள்ளில் எத்தனால் 5 விழுக்காடு எனக் கொண்டால் அது சுமார் 40 கிராம். 42.8 விழுக்காடு வீரியம் கொண்ட பிராந்தி 180 மில்லியில், அதாவது ஒரு குவார்ட்டரில், சுமார் 61 கிராம் எத்தனால் உள்ளது. கையடக்கமான அந்தப் பாட்டில் ஒன்றரை லிட்டர் கள்ளுக்குச் சமம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் எத்தனாலையே அகற்றும். எனவே ஒரு குவார்ட்டர் உடலைவிட்டு நீங்க 6 முதல் 9 மணி நேரம் ஆகும். இரவில் குடித்துவிட்டு விடியற்காலையில் தறிக்கோ வண்டிக்கோ செல்பவரின் இரத்தத்தில் மது இன்னும் இருக்கக்கூடும்.

கள் இறக்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை கொங்கு உழவர்களிடம் வலுவாக உள்ளது. தமிழ்நாடு கள் இயக்கம் நல்லசாமி தலைமையில் இதைத் தொடர்ந்து முன்வைத்துவருகிறது. வீரியம் குறைந்த, உழவருக்கு வருவாய் தரும் பானத்தைத் தடுத்து, வீரியம் மிகுந்த மதுவை அரசே விற்பது நியாயமா என்பது அவர்களின் வாதம். வீரியம் குறைவு என்பது உண்மை. கள்ளில் உள்ளதும் அதே எத்தனால்தான் என்பதும், அளவு கூடினால் கள்ளும் அடிமையாக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

கள்ளச்சாராயமும் மெத்தனாலும்

மதுவிலக்குக்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் காரணம் கள்ளச்சாராயம். அதில் உயிரைக் கொல்வது பெரும்பாலும் மெத்தனால் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள். மணத்திலும் சுவையிலும் அது எத்தனாலைப் போன்றிருக்கும். உடலில் அது ஃபார்மால்டிகைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. பார்வை நரம்பு கருகி, கண் மங்குகிறது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றுவதால் குடித்தவர் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று எண்ணிவிடுகிறார். விரைவாக மருத்துவமனை சென்றால் மாற்று மருந்தாலும் டயாலிசிஸ் சிகிச்சையாலும் காப்பாற்ற இயலும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் இடையே கிடப்பது கல்வராயன் மலை. அப்போது மாநிலத்தில் மதுவிலக்கு நடைமுறையில் இல்லை. அரசு மதுக்கடைகள் திறந்தே இருந்தன. மலிவு விலையும் அடிமைப்பழக்கமும் இருக்கும்வரை, கடை திறந்திருப்பது மட்டும் கள்ளச்சாராயத்தை ஒழிக்காது என்பதை அது காட்டியது.

சாமளாபுரம், 2017

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இருந்த மதுக்கடைகளை அகற்ற 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அகற்றப்பட்ட கடைகள் பல ஊர்களுக்குள் இடம் தேடின. எதிர்ப்பு வெடித்தது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் சாலை மறியல் செய்த மக்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. பெண் ஒருவர் காவல் அதிகாரியால் கன்னத்தில் அறையப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்ற இடத்தில், 96 ஆண்டுகளுக்குப் பின்னும் கொங்குப் பெண்களே நின்றனர். அன்று கடை வெள்ளையர் அரசின் ஏலக்கடை. இன்று கடை மக்களாட்சி அரசின் கடை.

புதிய பொருள்கள்

இன்று கொங்கு நகரங்களில் சிக்கல் மதுவோடு நிற்கவில்லை. கல்லூரிகளும் ஆலைகளும் நிறைந்த கோவையில் கஞ்சாவும், வலி நீக்கும் மாத்திரைகளைக் கரைத்து ஊசி வழியே ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் காவல்துறையின் வழக்குகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. வலி நீக்கும் இவ்வகை மாத்திரைகள் அபினி வகை ஏற்பிகளைத் தொடுபவை. அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். வாய்வழி உட்கொள்ள வேண்டிய மாத்திரையின் கரையாத துகள்கள் இரத்தக் குழாய்களை அடைக்கும். ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ஆகிய நோய்கள் பரவும். நிதானத்தைக் காக்கும் முன்நெற்றிப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே மாணவப் பருவத்தில் தொடங்கும் பழக்கம் வளர்ந்தவரின் பழக்கத்தைவிட ஆழமாக வேரூன்றுகிறது.

சிகிச்சை

1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடியை நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்கும் முறையைத் தமிழகத்தில் பரவலாக்கிய முன்னோடி. மருந்தின் துணையோடு விலகல் அறிகுறிகளைக் கடத்துதல், ஆலோசனை, குடும்பத்தாருக்கான பயிற்சி, நீண்டகாலத் தொடர்பு ஆகியவை இம்முறையின் பகுதிகள். வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இன்று உள்ளன.

2019-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோருக்கு மது தொடர்பான சிக்கல்களுக்கு உதவி தேவை. தேவைப்படுவோரில் மிகச் சிலரே சிகிச்சை பெறுகின்றனர். நோய் என்று அறியாமையும் வெட்கமும் தடையாக நிற்கின்றன. போதைப்பழக்க மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.

மதிப்பீடு

சேலம் சோதனை தோல்வி என்றும் வெற்றி என்றும் இரு தரப்பினரும் எழுதியுள்ளனர். அறிவியலின் துணையோடு பார்த்தால் இரண்டிலும் பாதி உண்மை உண்டு. கடை கண்ணில் படாதபோது வேட்கையைத் தூண்டும் அடையாளம் குறைகிறது. புதிதாகத் தொடங்குவோர் குறைகின்றனர். அரைகுறையாகக் குடிப்பவர் நிறுத்திவிடுகின்றனர். சேலத்து வீடுகளில் கண்ட மாற்றம் அவ்வகையில் உண்மையானது. ஆனால் மூளை ஏற்கெனவே மாறிவிட்டவருக்குப் பூட்டிய கதவு மருந்தாகாது. அவர் எல்லை தாண்டுவார், அல்லது மலையடிவாரத்துக்குப் போவார். குடும்பத்தின் அடுப்பை எண்ணிய 1937-இன் அக்கறையும், நோயாளியின் மூளையை அறிந்த இன்றைய மருத்துவமும் ஒன்றுசேர்ந்த ஒரு திட்டம் கொங்கு நாட்டிலோ தமிழகத்திலோ முழு அளவில் இன்னும் நடத்திப் பார்க்கப்படவில்லை.